முதல் தடவை வேகாஸ்: மேசையில் விட்டது 40 டாலர், மிச்சமெல்லாம் எங்கே போனது?

நாலணா | 14 ஜூலை 2024

பத்து வருடமாக டாலஸில் இருக்கிறேன். "இன்னுமா வேகாஸ் போகவில்லை?" என்று கேட்காத ஆள் இல்லை. சரி, அந்தச் சூதாட்ட நகரத்தைப் போய்த்தான் பார்ப்போமே என்று நான், மனைவி, மச்சான் மூவரும் போன ஞாயிறு கிளம்பினோம். அறை ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பது விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் புரிந்தது. ஜூலை 7ஆம் தேதி அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 48.9. அந்த ஊரில் வெயிலை அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் உச்சமாம். நான் வேலூர்க்காரன், வெயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிரில் இருந்தேன். வேலூர் வெயில் சட்டையை நனைக்கும். இது வியர்வை துளிர்க்கும் முன்பே அதைக் குடித்துவிடுகிறது. செங்கல் சூளையின் வாயில் நிற்பது போல இருந்தது. அடங்கிவிட்டேன்.

விமான நிலையத்துக்குள்ளேயே காசு போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஊருக்குள் போகும் வரை பொறுக்க முடியாதவர்களுக்காக. மச்சான் அங்கேயே 5 டாலரைப் போட்டு 40 நொடியில் தோற்றான். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டோம்.

அறை இரவுக்கு 62 டாலர் என்று பார்த்துப் பதிவு செய்திருந்தேன். வரவேற்பில் நின்றபோது அந்தப் பெண் புன்னகை மாறாமல் "ரிசார்ட் கட்டணம் தனி" என்றார். வரியோடு இரவுக்கு 51 டாலர். எதற்கு என்று கேட்டேன். வைஃபை, உடற்பயிற்சிக் கூடம், உள்ளூர் தொலைபேசி அழைப்பு. உள்ளூரில் நான் யாரை அழைக்கப் போகிறேன்? அப்புறம் அறையில் இருந்த குட்டி ஃபிரிட்ஜில் எங்கள் தயிர்ச்சாத டப்பாவை வைக்க இடம் தேடி, அங்கிருந்த இரண்டு பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்தாள் என் மனைவி. குடிக்கவில்லை, திறக்கவும் இல்லை. காலி செய்யும்போது ரசீதில் 26 டாலர். அதன் அடியில் உணர்கருவி இருக்கிறதாம், தூக்கினாலே விற்றதாகக் கணக்கு. அரை மணி நேரம் வாதாடி நீக்க வைத்தேன். விடுதிப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நடைதான் பெரிய ஏமாற்று. பெலாஜியோ விடுதியின் நீரூற்று "இதோ தெரிகிறதே" என்று தெற்குக் கோடியிலிருந்து நடக்கத் தொடங்கினோம். கட்டடங்கள் எல்லாம் பூதாகரமாக இருப்பதால் தூரமே தெரிவதில்லை. நேராக நடக்கவும் விடமாட்டார்கள். சாலையைக் கடக்க மேம்பாலம் ஏற வேண்டும், பாலத்தை விட்டு இறங்கினால் ஒரு விடுதிக்குள் போய் நிற்போம், அதன் கேசினோ வழியாகச் சுற்றினால்தான் அடுத்த வாசல். 25 நிமிடம் என்று கைப்பேசி காட்டிய தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியில் தண்ணீர் பாட்டில் ஒன்று 7 டாலர். இரண்டு காபி 19.

சூதாட்டத்தில் நான் மொத்தமாக விட்டது 40 டாலர். மேசையைத் தாண்டிப் போனது எவ்வளவு என்று விமானத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், மனைவியிடம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. இரவு, பாட்டுக்கு ஏற்ப ஆடும் அந்த நீரூற்றின் முன் நின்றபோது மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டுக்காக இருந்தோம், அப்புறம் இன்னொன்று. 41 டிகிரிச் சூட்டில் நள்ளிரவு வரை நின்றிருக்கிறோம்.

இப்போது கேள்வி. நவம்பரில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, ரம்மிப் பைத்தியம். மாதம் தவறாமல் நண்பர்களோடு காசு வைத்து ஆடுவார், அதிகபட்சம் ஐம்பது ரூபாய். "வேகாஸைக் காட்டுவாயா?" என்று இப்போதே கேட்கிறார். கூட்டிப் போகலாமா?

---

திண்ணைக்காரன்

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் லாஸ் வேகாஸுக்குப் போகவே இல்லை.

கிண்டல் இல்லை. ஸ்ட்ரிப் என்று சொல்லும் அந்த நாலேகால் மைல் சாலையில் பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. அந்த இடத்துக்குச் சட்டப்படி பெயர் பாரடைஸ். 1950இல் நகராட்சி தன் எல்லையை நீட்டி அங்கிருந்த கேசினோக்களிடம் வரி வாங்கப் பார்த்தபோது, முதலாளிகள் மாவட்ட நிர்வாகத்தைப் பிடித்துத் தங்கள் பகுதியைத் தனி ஊராக அறிவிக்க வைத்துவிட்டார்கள். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் "வரவேற்கிறது லாஸ் வேகாஸ்" பலகையே நகரத்துக்குள் இல்லை. அதை 1959இல் வடிவமைத்தவர் பெட்டி வில்லிஸ். காப்புரிமை வாங்காமல் ஊருக்கே விட்டுவிட்டார். அதனால்தான் சாவிக்கொத்து முதல் உள்ளாடை வரை அந்தப் பலகை அச்சாகிறது.

உண்மையான ஊர் வடக்கே, ஃப்ரீமாண்ட் தெருவில். 1905 மே மாதம் ரயில் கம்பெனி பாலைவனத்தை மனைகளாகப் பிரித்து ஏலம் விட்ட இடம் அதுதான். 1906இல் கட்டிய விடுதி ஒன்று இன்னும் நடக்கிறது. 1951இல் வைத்த நியான் விளக்குக் கௌபாய் பொம்மை இன்னும் நிற்கிறது. தெருவுக்கு மேலே 1,375 அடி நீளத்துக்கு வளைந்த ஒளித்திரைக் கூரை போட்டிருக்கிறார்கள், அது மட்டும் 90களின் சேர்க்கை. கோல்டன் நக்கெட் விடுதியில் 27 கிலோ தங்கக் கட்டி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1980இல் ஆஸ்திரேலியாவில் மண்ணிலிருந்து கிடைத்தது, அப்படியே பாறை உருவத்தில். உங்கள் அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

---

சூரியகாந்தி_எல்ஏ

ரிசார்ட் கட்டணம் தெரியாமல் போன கடைசி ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன் 😄

நாங்கள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து காரில் போவோம், 270 மைல். வெள்ளி மாலை கிளம்பாதீர்கள், ஞாயிறு மதியம் திரும்பாதீர்கள், அவ்வளவுதான். வழியில் பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயர வெப்பமானி உண்டு. பக்கத்திலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913இல் 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானதன் நினைவாக. குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

நவம்பர் நல்ல மாதம். ஆனால் மூன்றாவது வாரம் கண்டிப்பாக வேண்டாம். போன வருடத்திலிருந்து ஃபார்முலா 1 கார் பந்தயம் ஸ்ட்ரிப்பிலேயே நடக்கிறது. அறை விலை எங்கேயோ போய்விடும்.

---

ராத்திரிப்பறவை

நான்கு வருடம் டவுன்டவுனில் டீலராக, அதாவது கேசினோ மேசையில் சீட்டுப் போட்டு ஆட்டம் நடத்துபவனாக, இருந்தேன். இப்போது வேறு தொழில். நாலணா சொன்ன கணக்கு சரியானதுதான். ஸ்ட்ரிப்பில் பாதிக்கு மேல் வருமானம் இப்போது சூதாட்டத்துக்கு வெளியேதான் வருகிறது. அறை, சாப்பாடு, மது, காட்சி. ஒரு காலத்தில் மலிவாகச் சோறு போட்டு, மலிவாகப் படுக்க வைத்து, மேசையில் எடுப்பார்கள். இப்போது எல்லா இடத்திலும் எடுக்கிறார்கள்.

மேசை பற்றி அப்பாவுக்காகச் சொல்கிறேன். ரம்மி அங்கே கிடையாது, முதலிலேயே சொல்லி வையுங்கள், ஏமாந்து போவார். சீட்டு என்றால் பிளாக்ஜாக் ஆடலாம், கற்றுக்கொள்வது சுலபம். உட்காரும் முன் மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். "3க்கு 2" என்றிருந்தால் உட்காரலாம். "6க்கு 5" என்றிருந்தால் எழுந்து போய்விடலாம். 10 டாலர் கட்டி, முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்து பிளாக்ஜாக் அடித்தால் முன்னதில் 15 கிடைக்கும், பின்னதில் 12. மூன்று டாலர்தானே என்று தோன்றும். அந்த ஒரு வரியால் கேசினோக்காரனுடைய லாபம் கிட்டத்தட்ட ஒன்றரை சதவிகிதம் கூடுகிறது. மற்றபடி ஒழுங்காக ஆடுபவரிடம் அவனுக்கு நிற்பதே அரை சதவிகிதம்தான். ஸ்ட்ரிப்பில் குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் 6க்கு 5 தான்.

எண் போட்ட சக்கரத்தில் பந்தை ஓட விடும் ரூலெட்டும் அப்படியே. சக்கரத்தில் பூஜ்யம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பூஜ்யம் என்றால் 100 டாலருக்கு சராசரி 2.70 போகும். இரண்டு பூஜ்யம், 5.26. இப்போது மூன்று பூஜ்யச் சக்கரம் நிறைய வந்துவிட்டது, 7.69. ஜெயித்தால் கொடுப்பது மூன்றிலும் ஒன்றுக்கு 35 தான். நான் வேலை பார்த்த நான்கு வருடத்தில் பூஜ்யத்தை எண்ணிப் பார்த்து உட்கார்ந்த ஆட்களை விரல் விட்டு எண்ணலாம்.

இன்னொன்று, நம் ஆட்கள் எல்லோரும் செய்வது: நோட்டை டீலர் கையில் நீட்டுவது. கையில் வாங்கக் கூடாது, எங்களுக்கு விதி. மேசைமேல் வைக்க வேண்டும், நாங்கள் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள் தள்ளுவோம். மேசையை விட்டுப் போகும்போது கையைத் தட்டி இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவோமே, கவனித்தீர்களா? சிலர் அது வணக்கம் என்று நினைத்துத் திரும்ப வணக்கம் வைப்பார்கள். கையில் சிப் (காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) எதையும் ஒளிக்கவில்லை என்று மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்டுவது அது. நான் வேலையை விட்டு ஆறு மாதம் வரை, வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்தால்கூடக் கையைத் தட்டித் திருப்புவேன்.

---

நாலணா

வணக்கம் வைத்த கோஷ்டியில் என் மச்சானும் உண்டு 🙏

ஸ்லாட் பற்றிச் சொல்லுங்கள். ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "நீ எழுந்திரு, அது சூடேறியிருக்கிறது" என்றார். எழுந்துவிட்டேன்.

---

ராத்திரிப்பறவை

சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஒவ்வொரு சுற்றும் தனி. உள்ளே ஓடும் நிரல் எழுமாறாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது, பொத்தானை அழுத்திய கணத்தில் முடிவு தீர்ந்துபோகிறது. படங்கள் உருள்வது நம் கண்ணுக்காக. இரண்டு ஏழு வந்து மூன்றாவது ஏழு ஒரு மயிரிழையில் தவறியது போலத் தெரியும். "கிட்ட வந்துவிட்டேன்" என்று மனது சொல்லும். கிட்டவும் இல்லை, எட்டவும் இல்லை.

நெவாடா விதிப்படி இயந்திரம் போட்டதில் குறைந்தது 75 சதவிகிதத்தையாவது நீண்ட கணக்கில் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் 90க்குப் பக்கம் இருக்கும். பெருந்தன்மையாகத் தெரிகிறதா? ஒரு டாலர் சுற்றை மணிக்கு 500 தடவை அழுத்தலாம். 500 டாலர் ஓட்டி 50 போகும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 150. இடையில் பணிப்பெண் "இலவசமாக" ஒரு பியர் கொண்டு வருவார், ஒன்றிரண்டு டாலர் டிப் வைக்க வேண்டும். அந்தப் பியர் எவ்வளவு விலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெரிய தொகை அடித்துவிட்டால் உடனே கையில் தர மாட்டார்கள். இயந்திரம் பூட்டிக்கொள்ளும், ஆள் வந்து வரிப் படிவம் நிரப்புவார். வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர் என்றால் பல நாட்டுக்காரர்களுக்கு அங்கேயே 30 சதவிகிதம் பிடித்துக்கொள்வார்கள், இந்தியாவும் அதில் அடக்கம். பிளாக்ஜாக், ரூலெட்டுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. அப்பா அடிக்கப் போவதில்லை, ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள் 😄

---

கிணற்றுத்தவளை

யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். 71 வயது மனிதரைச் சூதாட்ட விடுதிக்கு எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று பாடம் எடுத்து அனுப்புகிறோம். ஊரில் ஆன்லைன் ரம்மியால் எத்தனை குடும்பம் சீரழிந்தது, எத்தனை பேர் உயிரை விட்டார்கள், சட்டமே போட வேண்டி வந்தது. இங்கே அதையே வண்ண விளக்கு போட்டு நடத்தினால் "அனுபவம்" ஆகிவிடுமா? பெற்றவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால் கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி என்று காட்ட ஆயிரம் இடம் இருக்கிறது.

---

மணல்மேடு

தவளையாரே, ஐம்பது ரூபாய் ரம்மி ஆடுகிற பெரியவரை நீங்கள் எங்கே கொண்டு போய்விட்டீர்கள்!

நான் பக்கத்து ஊர் ஹெண்டர்சனில் 11 வருடமாக இருக்கிறேன். உங்கள் கோபம் முழுக்கத் தப்பும் இல்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஸ்ட்ரிப் இல்லை. சுற்றுலாப் பயணி மூன்று நாள் இருந்து, இருநூறோ ஐந்நூறோ விட்டுப் போய்விடுவார். இங்கேயே வாழ்கிறவன் பால் வாங்கப் போகும் கடையில் இயந்திரம், பெட்ரோல் நிலையத்தில் இயந்திரம். என் தெரு முனையிலுள்ள மளிகைக் கடையில் எட்டு இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடித்த சீருடையோடு அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும். அங்கே நீரூற்றும் இல்லை, பாட்டும் இல்லை.

---

கிணற்றுத்தவளை

அப்படியானால் என் பேச்சு இன்னும் வலுவாகத்தானே ஆகிறது?

நீரூற்று என்றதும் நினைவு வருகிறது. பாலைவனத்தில் அவ்வளவு தண்ணீரை ஆட விடுவது பாவம் இல்லையா? அதைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை.

---

மணல்மேடு

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

இங்கே வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் பெரிது. சென்னையில் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டுகிற அளவு. ஊர் குடிப்பது 90 சதவிகிதம் கொலராடோ ஆற்றுத் தண்ணீர், ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கும் மீட் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஆற்றைப் பங்கு போட்டபோது நெவாடாவில் ஆளே இல்லை, அதனால் மூன்று லட்சம் ஏக்கர் அடி மட்டும் கொடுத்தார்கள் (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி). கீழ்ப்படுகையில் கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம். காவிரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சண்டை புரியாமல் போகாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள், விடுதிக்குள் பயன்படுத்தும் தண்ணீர், அதாவது குளியல், கழிப்பறை, சமையலறை, துணி துவைப்பது எல்லாம், கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரித்து ஏரிக்கே திரும்புகிறது. திருப்பி விட்ட அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆகவே 40 நிமிடம் ஷவரில் நிற்கும் சுற்றுலாப் பயணியால் ஊருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டமெல்லாம் வெளியே ஊற்றுவதில், அதாவது புல்தரை. புல்லைப் பிடுங்கினால் சதுர அடிக்கு இவ்வளவு என்று நீர் வாரியமே காசு கொடுக்கிறது, நானும் வாங்கினேன். யாரும் நடக்காத, விளையாடாத அலங்காரப் புல்லை 2026 முடிவுக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் வளர்க்கவே கூடாது என்று 2021இல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

பெலாஜியோ குளத்துக்கு ஏரித் தண்ணீர் வருவதில்லை. அங்கே முன்பு டூன்ஸ் என்ற விடுதியும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. அந்த மைதானத்துக்காகப் போட்ட பழைய கிணற்றுத் தண்ணீர்தான் எட்டரை ஏக்கர் குளமாக நிற்கிறது. புல்லுக்கு ஊற்றியது இப்போது ஆடுகிறது. ஆவியாகிறது என்பது உண்மைதான், ஆனால் கோல்ஃப் மைதானத்தை விடக் குறைவாக.

ஏரி மட்டும் கவலைதான். 2022 கோடையில் கொள்ளளவில் கால்பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த மே மாதம் சேற்றில் ஒரு பீப்பாய் தட்டுப்பட்டது, உள்ளே துப்பாக்கியால் சுடப்பட்ட ஒரு மனிதரின் எலும்புகள். 70களின் நடுவிலிருந்து 80களின் தொடக்கத்துக்குள் நடந்த கொலை என்றார்கள். அந்தக் காலத்து கேசினோக்களை யார் நடத்தினார்கள் என்று தெரிந்தவர்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

---

திண்ணைக்காரன்

பீப்பாயைத் திறந்துவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

நெவாடாவில் சூதாட்டத்தைச் சட்டமாக்கியது 1931. அதே வருடம் அணைக்கட்டு வேலை தொடங்கியது, ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள் கையில் சம்பளத்தோடு வந்து இறங்கினார்கள். 1946 டிசம்பரில் ஃபிளமிங்கோ விடுதியைத் திறந்த மாஃபியாக்காரர் பக்ஸி சீகல் ஆறு மாதத்தில் பெவர்லி ஹில்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதெல்லாம் எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று: 1960 மார்ச் வரை ஸ்ட்ரிப் விடுதிகளில் கறுப்பினத்தவர் தங்க முடியாது. சாமி டேவிஸ் ஜூனியர் மேடையில் பாடலாம், கூட்டம் எழுந்து நின்று கைதட்டும், பாடி முடித்ததும் ஊருக்கு மேற்கே கறுப்பர் குடியிருப்புக்குப் போய்ப் படுக்க வேண்டும். ஊர்வலம் போவோம் என்று உள்ளூர் கறுப்பினத் தலைவர்கள் நாள் குறித்த பிறகுதான், விடுதி முதலாளிகள் மூடிக் கிடந்த மூலான் ரூஜ் விடுதியில் உட்கார்ந்து பேசி வழிக்கு வந்தார்கள். உலகம் முழுக்கத் தன் ஊர் படம் பரவி, வியாபாரம் கெட்டுவிடுமே என்ற பயம்தான் காரணம். நியாயம் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன.

நாலணா, நீங்கள் போன வாரம் மிராஜ் விடுதிப் பக்கம் போனீர்களா? 17ஆம் தேதி மூடுகிறார்கள்.

---

நாலணா

போனோம்! எழுத விட்டுப்போனது. உள்ளே நுழைய முடியவில்லை, தேர்த் திருவிழாக் கூட்டம். மூடுவதற்கு முன் இயந்திரங்களில் சேர்ந்து கிடக்கும் ஜாக்பாட் தொகையை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமாம், மாநில விதி. 16 லட்சம் டாலர். அதற்காக ஊரே வந்து அடைந்து கிடந்தது. மச்சான் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "நாற்காலி காலியானால்தானே அதிர்ஷ்டம்?" என்று திரும்பிவிட்டான். வெளியே அந்தச் செயற்கை எரிமலை வெடிப்பதைக் கடைசியாகப் பார்த்தோம். 1989லிருந்து வெடிக்கிறதாம். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா அழுதார், திருமணமான அன்று அங்கே நின்றாராம். சிமென்ட் எரிமலைக்கு அழுகிறாரே என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

---

திண்ணைக்காரன்

அந்த இடத்தில் கிட்டார் வடிவத்தில் விடுதி வருகிறது. இந்த ஊரில் எதுவும் பழையது ஆகாது, ஆகும் முன் வெடிவைத்து விடுவார்கள். வெடி வைப்பதையும் கூட்டம் சேர்த்துப் பார்ப்பார்கள்.

---

ஸ்கார்பரோ_ரவி

கனடாவிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் என்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அவவுக்கு 74. மூன்று விசயம் சொல்கிறேன். கேசினோவுக்குள் இன்னமும் சிகரெட் பிடிக்கலாம். அம்மாவுக்கு இழுப்பு இருந்தபடியால் அது பெரிய கரைச்சலாகப் போய்விட்டது, கேசினோ இல்லாத விடுதியாகப் பார்த்து எடுங்கோ, அப்படியும் சிலது இருக்கு. சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கோ, வெட்கப்பட வேண்டாம். ஒரு நாளை ஊருக்கு வெளியே விடுங்கோ. ரெட் ராக் கேன்யன் அரை மணி நேரத்துக்குள், 13 மைல் சுற்றுப்பாதை, காரிலிருந்தே பார்க்கலாம். அக்டோபர் முதல் மே வரை நேரம் முன்பதிவு செய்துதான் போக வேணும். அம்மா அந்தச் சிவப்பு மலையைப் பார்த்துவிட்டு, "இதைக் காட்டாமல் நேற்று முழுக்க என்னத்தைக் காட்டினாய்?" என்று கேட்டா.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு ஒரே நாளில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போக மட்டும் நாலரை மணித்தியாலம்.

---

கிணற்றுத்தவளை

ரவி சொல்வது எனக்குச் சம்மதம். கூட்டிப் போங்கள், மலையைக் காட்டுங்கள். நீர் கணக்கு எனக்குத் தெரியாதது, மணல்மேட்டுக்கு நன்றி. ரம்மி விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

---

மட்டுறுத்துநர்

இணைய ரம்மிச் சட்டம் சரியா தவறா என்ற ஐந்து பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே பயணம் மட்டும்.

---

நாலணா | 17 நவம்பர் 2024

இழையை மேலே கொண்டு வருகிறேன், கடன் பாக்கி இருக்கிறது. போன வாரம் கூட்டிப் போய்விட்டு வந்தோம்.

பகலில் 20 டிகிரி. அதே சாலைதான், வேறு ஊர் போல இருந்தது. ரிசார்ட் கட்டணத்தை முதலிலேயே கூட்டிப் பார்த்து அறை எடுத்தேன், ஃபிரிட்ஜ் பக்கம் யாரையும் விடவில்லை. ஜூலையில் இருட்டாக நின்ற ட்ராபிகானா விடுதி இப்போது இல்லை, அக்டோபர் 9 அதிகாலையில் தகர்த்துவிட்டார்கள், வெறும் இடிபாடு. நீரூற்றின் முன்னால் கார் பந்தயத்துக்காகப் பார்வையாளர் மேடை கட்டி முழுவதையும் மறைத்திருந்தார்கள். எனக்கு அழாத குறை. எதிரே பாரிஸ் விடுதியின் பாதி அளவு ஈஃபில் கோபுரத்தில் ஏறி மேலிருந்து பார்த்தோம். பாட்டு சரியாகக் கேட்கவில்லை. "இதற்குத்தான் அந்தக் குதி குதித்தாயா?" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பிடித்தது பெலாஜியோ வரவேற்புக் கூடத்தின் கூரை. சிஹூலி என்ற கலைஞர் செய்த இரண்டாயிரம் கண்ணாடிப் பூக்கள் தலைக்கு மேல் விரிந்து கிடக்கின்றன. அம்மா பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "இத்தனையையும் யார் துடைப்பது?" ரெட் ராக்கில் காரை விட்டு இறங்கி, ஒரு கல்லில் உட்கார்ந்து, கிளம்ப மாட்டேன் என்றார். ரவிக்கு நன்றி, உங்கள் அம்மாவுக்கும்.

அப்பா. ரம்மி இல்லை என்று சொல்லியே கூட்டிப் போனேன், ஆனாலும் நான்கு விடுதிகளில் தேடினார். பிளாக்ஜாக் மேசையில் 6க்கு 5 என்ற எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, டீலர் முன்னாலேயே "இது வேண்டாம்பா" என்று தமிழில் சொல்லிவிட்டு நடந்தார். ராத்திரிப்பறவை, உங்கள் மாணவர். கடைசியில் ஃப்ரீமாண்ட் தெருவில் ஒரு ஸ்லாட்டில் 20 டாலர் போட்டார். சின்னப் பந்தயமாக ஒவ்வொன்றாக அழுத்தினார். 27 டாலர் 35 சென்ட் ஆனதும் "போதும்" என்று எழுந்துவிட்டார். நானும் மச்சானும் இன்னும் ஆடச் சொன்னோம், வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னோம். அவர் கேட்கவில்லை.

இயந்திரம் காசு தராது, சீட்டுதான் தரும். அதை இன்னொரு பெட்டியில் விட்டால் 27 டாலர் நோட்டாக வந்தது. மிச்சம் 35 சென்டுக்கு மறுபடி ஒரு சீட்டு, சில்லறை கொடுப்பதில்லையாம். எல்லோரும் அதைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்பா போடவில்லை. காசாளர் கூண்டின் முன்னால் இருந்த வரிசையில், கையில் ஆயிரக்கணக்கில் சிப் வைத்திருந்த ஆட்களுக்குப் பின்னால், இருபது நிமிடம் நின்றார். அந்தப் பெண் சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சிரிக்காமல் இரண்டு நாணயத்தை எண்ணி வைத்தார்.

ஒரு பத்து காசு, ஒரு நாலணா. பத்து காசை மச்சானிடம் கொடுத்தார், விமான நிலையத்தில் விட்டதற்கு.